தொட்டியில் தொங்கிய மாதா பதக்கம்

"இந்தத் தொட்டி தப்பினா நான் நிக்கிறேன் அக்கா. இல்லாட்டிப் படகுதான்."

தம்பி இதைச் சொன்னபோது நான் இறால் குஞ்சுகளுக்குத் தீனி கரைத்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் பாசித் தண்ணீர். "மெதுவாக் கதைடா, குஞ்சுக்குக் கேட்டாப் பயத்திலயே செத்துப்போகும்" என்றேன். என் நக்கலுக்கு அவனிடம் எப்போதும் பதில் நக்கல் ஒன்று தயாராக இருக்கும். அன்றைக்கு இல்லை. காற்றுக் குழாயைச் சரிபார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். அப்போதுதான் அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று விளங்கியது.

படகு என்றால் மீன் பிடிக்கப் போகிற படகு அல்ல. அவுஸ்திரேலியாவுக்கு என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற படகு. நாட்டில் பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, கடைசியில் தின்கிற பாணுக்கும் வரிசை என்று ஆனபிறகு எங்கள் கரையில் அந்தப் படகுகளுக்கும் ஆள் சேரத் தொடங்கியது. போனவர்களில் அநேகம் பேரைப் பிடித்து விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிலரைப்பற்றி ஒரு கதையும் இல்லை. திருப்பி அனுப்பப்பட்ட ஒருவன் மறுபடியும் போக ஆள் விசாரிக்கிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், கரையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று.

எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். அம்மா, நான், என்னைவிடப் பத்து வயது இளைய தம்பி. உடப்புக்கும் சிலாபத்துக்கும் இடையில், கடலைப் பார்த்தபடி தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருக்கிறதே, அதுதான் எங்கள் குஞ்சுப் பண்ணை. அப்பா தன் படகை விற்றுக் கட்டியது. கடலுக்குள் போகாமலே கடலை வைத்துப் பிழைக்கலாம் என்று ஊருக்குச் சொன்னார். மகன் ஒரு நாளும் கடலுக்குப் போகக்கூடாது என்பதுதான் அவர் மனதில் இருந்தது. அவருடைய அண்ணன்மார் இருவரைக் கடல் எடுத்திருந்தது. அப்பா கட்டிலில் கிடந்து, நல்ல சாவாகச் செத்தார். அதை அம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

பண்ணை வேலை கேட்கச் சுலபம். கடலில் பிடித்த சினை இறாலை மீனவர்கள் உயிரோடு கொண்டுவந்து தருவார்கள். அது தொட்டியில் முட்டை விடும். முட்டை பொரித்தால் தூசி போல ஒன்று நீந்தும். அந்தத் தூசி தோலைக் கழற்றிக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் வேறொரு உருவம் எடுத்து, கடைசியில் நகக்கண் அளவு இறாலாக நிற்கும். அதைத்தான் இறால் பண்ணைக்காரர் வாங்கிப்போய்க் குளத்தில் விட்டு வளர்ப்பார்கள். நடுவில் நாங்கள் செய்கிறதெல்லாம் தண்ணீரைக் காவல் காக்கிற வேலை. உப்பு ஏறிவிடாமல், சூடு குறைந்துவிடாமல், காற்று நின்றுவிடாமல். கைக்குழந்தைக்காரி கூட எங்களைவிட நன்றாகத் தூங்குவாள்.

கொஞ்சக் காலமாக அந்தத் தண்ணீர்தான் எங்களைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. புளிப்பு பார்க்கிற மீற்றர் ஒன்று என்னிடம் இருக்கிறது, பேனை மாதிரி, தண்ணீரில் தோய்த்தால் எண் காட்டும். எண் இறங்கினால் தண்ணீர் புளிக்கிறது என்று அர்த்தம். அப்பா காலத்தில் கடலில் தோய்த்தால் எட்டுக்கு மேலே அசையாமல் நிற்கும். இப்போது மழைக்குப் பிறகு, காற்று மாறின பிறகு, சில நாளில் ஒரு காரணமும் இல்லாமலே, கீழே இறங்கி நிற்கிறது. மீற்றர்தான் பழுது என்று முதலில் அதைத் திட்டினேன். புது மீற்றர் வாங்கி அதையும் திட்டினேன்.

பல்கலைக்கழகத்தில் கடலைப்பற்றிப் படிக்கிற ஒரு பிள்ளை கொஞ்ச நாள் எங்கள் கரைக்கு வந்து போத்தலில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போனாள். கொழும்பிலிருந்து ரயிலில் சிலாபம், அங்கிருந்து பஸ். வெயிலில் கறுத்து, வாந்தி எடுத்து, ஆனாலும் சிரித்துக்கொண்டே வருவாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவள்தான் விளங்கப்படுத்தினாள். வாகனமும் ஆலையும் விடுகிற புகையில் ஒரு பங்கைக் கடல் குடிக்கிறதாம். குடிக்கக் குடிக்கத் தண்ணீர் நாக்குக்குத் தெரியாத அளவில் புளிக்கிறதாம். கடல் தண்ணீரிலும் சேற்றிலும் செம்பு, ஈயம் என்று உலோகங்கள் எப்போதும் கொஞ்சம் உண்டு, பெரும்பாலும் எதையாவது பற்றிக்கொண்டு சிவனே என்று கிடக்கும். புளிப்பு ஏறினால் அந்தப் பிடி தளர்ந்துபோகும். அப்படித் தனியே அலைகிற செம்புதான் உடம்புக்குள் ஏறும்.

"பெரிய இறால் ஓரளவுக்குச் சமாளிக்கும் அக்கா. குஞ்சுக்குத் தோல் மெல்லிசு. தோல் கழற்றின உடனே தண்ணியை உள்ளுக்கு இழுக்கும், அதோட உலோகமும் போகும். புளிச்ச தண்ணியில உயிரைப் பிடிச்சு வைக்கவே அதுக்குச் சத்தெல்லாம் செலவாகுது. உள்ள வந்ததை வெளிய தள்ளத் தெம்பு இல்ல."

"அப்ப எல்லாக் குஞ்சும் சாகுமா?" என்று கேட்டேன்.

"எல்லா உயிரிலயும் ஒரே மாதிரி நடக்காது. இன்னும் பார்க்கணும்" என்றாள்.

பார்க்கட்டும். ஆனால் அவள் சொன்னதில் பாதி எனக்கு அடுப்படியிலேயே தெரிந்த விசயம். பழப்புளி கரைத்த குழம்பைச் செம்புச் சட்டியில் யாராவது வைப்பார்களா? களிம்பு இறங்கிவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடலே அப்படி ஒரு சட்டியாகிவிட்டது. அடியில் எத்தனை இயந்திரம், எத்தனை வலை ஈயம், எத்தனை காலத்துப் படகுச் சாயம் கிடக்கிறது என்று யார் கண்டது?

இதற்கு ஒரு மருந்து இருந்தது. உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஒரு வெள்ளைத் தூள். குஞ்சு விடுவதற்கு முன் தொட்டித் தண்ணீரில் கரைத்துவிட்டால் செம்பு வாயைப் பொத்திக்கொண்டு இருக்கும். டொலர் இல்லை என்று கப்பல் சாமான் நின்ற நாளிலிருந்து அந்தத் தூளும் வரவில்லை. சிலாபத்தில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. ஒரு சிங்களக் கடைக்காரர் தங்கச்சி முறை வைத்து, "நங்கி, மனுசருக்கே மருந்து இல்ல, நீங்க இறாலுக்குக் கேக்கிறீங்க" என்றார். நியாயமான பேச்சுத்தான், அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. வீட்டில் மிஞ்சியிருந்த கால் போத்தல் தூளைத்தான், போதாது என்று தெரிந்தே, அந்தக் கடைசித் தொட்டியில் கரைத்தோம். மற்றத் தொட்டிகள் எல்லாம் முந்திய மாதங்களிலேயே ஒவ்வொன்றாகச் செத்துக் காய்ந்து கிடந்தன.

இனிப் பதக்கத்தின் கதைக்கு வருகிறேன். எங்கள் கரையில் கத்தோலிக்கர் புதுப்படகு இறக்கினால் கோயில் சுவாமியிடம் மந்திரித்த மாதா பதக்கம் ஒன்றை அணியத்தில், படகின் முன்மூக்கில், அறைவார்கள். புது வலை என்றால் முதல் மிதப்பில் கட்டுவார்கள். அப்பா படகை விற்றபோது அதிலிருந்த பதக்கத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். பண்ணை தொடங்கிய நாளில் அதை நைலோன் கயிற்றில் கட்டி, பெரிய தொட்டியின் மூலையில் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். அன்றிலிருந்து அது அங்கேதான். தொட்டி கழுவும்போது எடுப்போம், திரும்பத் தொங்கவிடுவோம். பித்தளையோ செம்போ, ஏதோ ஒரு மலிவான உலோகம். கறுத்துப்போய், மாதாவின் முகம் எங்கே, கை எங்கே என்று தெரியாமல், அதன்மேல் பச்சையாகக் களிம்பு வேறு. வருசக்கணக்காக அதனால் ஒரு குஞ்சும் சாகவில்லை. அதனால் நானும் அதைப்பற்றி யோசித்ததே இல்லை. சாமி காரியம் வேறு.

அந்தப் பெரிய தொட்டிதான் இப்போது எங்கள் கடைசித் தொட்டி. அதில் குஞ்சுகள் முதலில் நன்றாகத்தான் வந்தன. நல்ல குஞ்சு வெளிச்சத்தைத் தேடும். தொட்டி ஓரத்தில் டோர்ச் அடித்தால் எல்லாம் ஓடிவந்து அந்த இடத்தில் மேகம் போலச் சேரும். தம்பி காலையும் மாலையும் டோர்ச் அடித்துப் பார்ப்பான். சேருகிற கூட்டத்தைப் பார்த்து அவன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய ஆள் திரும்பி வந்தான். ஒரு நாள் என் தட்டில் இருந்த பொரித்த மீனைத் திருடித் தின்றான். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

பிறகு மேகம் மெலிந்தது. டோர்ச் அடித்தால் பாதிதான் வந்தது, மிச்சம் அடியில் கிடந்து துடித்தது. வெள்ளைக் கோப்பையில் அள்ளி வைத்துப் பார்த்தேன். பழைய தோலைப் பாதி கழற்றி, மீதியைக் கழற்ற முடியாமல், உடம்பு வளைந்து, கால்கள் மட்டும் உதறிக்கொண்டிருந்தன. சட்டைக்குள் தலை மாட்டிக்கொண்ட பிள்ளை எப்படி இழுக்கும், அப்படி. மீற்றரில் எண் இறங்கியிருந்தது. நான் தம்பியிடம் "தீனி மாத்திப் பார்ப்பம்" என்று மட்டும் சொன்னேன். அவன் கோப்பையை வாங்கிப் பார்த்தான். தொட்டிக்குள் திரும்ப ஊற்றினான். அன்று பின்னேரம் யாருடனோ போனில் கதைத்துக்கொண்டு கடற்கரையில் மேலும் கீழும் நடந்தான்.

அடுத்த நாள் காலையில் கொட்டகைக்குள் இருந்து அம்மாவின் கூச்சல். தொட்டிக்குள் விழுந்துவிட்டாரோ என்று ஓடினேன். அம்மா முழங்காலில் நின்றிருந்தார். கையில் கயிறு, கயிற்றின் முனையில் பதக்கம். அதில் ஒரு பொட்டுக் களிம்பு இல்லை. புதுச் சல்லிக்காசு மாதிரிப் பளபளவென்று இருந்தது. மாதாவின் முகம், முக்காட்டின் மடிப்பு, விரிந்த இரண்டு கை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

"பிள்ளை, பாரு! மாதா முகத்தைக் காட்டிட்டா! இவ்வளவு வருசத்துக்குப் பிறகு காட்டிட்டா!"

ஊருக்குச் சொல்ல வேறு ஆள் வேண்டுமா? மதியத்துக்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வந்து பதக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். உடப்பிலிருந்து வலை வாங்க வந்த ஒரு சைவ அம்மாகூட அதற்கு ஒரு செவ்வரத்தம்பூ வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு மாலை கொட்டகையிலேயே செபமாலை சொல்வது என்று முடிவானது.

தம்பி கடைசியாக வந்தான். பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். அவனுக்குப் பெரிய பக்தி எல்லாம் கிடையாது, பூசைக்குப் போனால் கோயிலுக்கு வெளியே நிற்கிற கோஷ்டி. ஆனால் அது அப்பாவின் படகில் இருந்த பதக்கம். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"நான் அந்தப் படகு ஆளுக்கு வரல்லன்னு சொல்லிடுறேன் அக்கா. இது அப்பா சொல்ற மாதிரி இருக்கு."

நான் தலையை ஆட்டினேன். ஆனால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் பதக்கத்தைப் பார்த்த முதல் நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. களிம்பு தானாகக் காணாமல் போகாது. தண்ணீரில்தான் கரைந்து போயிருக்கிறது. தண்ணீரிலிருந்து அது எங்கே போயிருக்கும் என்று அந்த வெள்ளைக் கோப்பையில் பார்த்துவிட்டேன்.

சொல்லவா, விடவா? சொன்னால் அவன் போவான். சொல்லாவிட்டால் பதக்கம் திரும்பத் தொட்டிக்குள் போகும், குஞ்சு சாகும், அப்போதும் போவான். இரண்டு பக்கமும் கிணறு. ஒரு நாளாவது அவன் இருக்கட்டும் என்று மனம் கெஞ்சியது. மாதாவே, நீ நிசமாகவே முகம் காட்டியிருக்கக் கூடாதா என்று அழுகை வந்தது. எனக்கும் அற்புதம் வேண்டும்தானே? எனக்கு வேண்டாமா?

பின்னேரம் அடுப்படிக்குப் போனேன். செபமாலைக்கு வருகிறவர்களுக்காக அம்மா பித்தளை மெழுகுதிரிக் கால்களைத் துலக்கிக்கொண்டிருந்தார். பழப்புளி உருண்டையும் கொஞ்சம் உப்பும். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புக் கரைந்து பச்சைத் தண்ணீராக வழிந்தது. கோயில் பீடம்போல மினுங்கியது மெழுகுதிரிக் கால். பக்கத்தில் தம்பி கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். திரும்பத் தொங்கவிடுவதற்காகப் பதக்கத்துக்குப் புதுக் கயிறு கட்டி மடியில் வைத்திருந்தான். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"அதைத் தொட்டியில போடாத" என்றேன்.

"ஏன்?"

அம்மாவின் கையைக் காட்டினேன். வழிகிற பச்சைத் தண்ணீரைக் காட்டினேன். அதற்குமேல் ஒரு வார்த்தையும் நான் சொல்லத் தேவைப்படவில்லை. தம்பிக்குத் தொட்டி வேலை எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும். தேத்தண்ணிக் கிளாஸைத் தரையில் வைத்தான். அம்மாதான் கொஞ்சம் பிந்தினார். முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் விரல்களைப் பார்த்தார், பிறகு மகனின் மடியைப் பார்த்தார்.

"அப்ப மாதாவா குஞ்சைக் கொன்டுட்டா?"

"இல்ல அம்மா. இத்தனூண்டு பதக்கத்தால அவ்வளவு பெரிய தொட்டி சாகாது. தண்ணிக்குப் போடுற குளோரினும் அதை அரிச்சிருக்கும். ஆனா இவ்வளவு காலம் கிடந்து கறுத்தது இண்டைக்கு ஏன் வெளுக்குது? தண்ணி மாறிப்போச்சு. கடல்ல கிடக்கிற எல்லாத்தையும் இப்படித்தான் அது கரைச்சுக்கொண்டு வருது. பதக்கம் அதைக் காட்டிச்சு, அவ்வளவுதான்."

"மாதா காட்டினான்னுதான நானும் சொன்னேன்" என்றார் அம்மா.

தம்பியின் மடியிலிருந்து பதக்கத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்தேன்.

அன்றைக்குச் செபமாலை நடந்தது. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? அம்மா எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். தம்பி தொட்டிப் பக்கம் வரவில்லை. நானும் அவனும் மறுநாள் முழுக்கத் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினோம், மாற்றின தண்ணீரும் அதே கடலில் இருந்து வந்த தண்ணீர்தான் என்று இருவருக்கும் தெரிந்திருந்தும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பிய கதை. அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் போனிலேயே அழுதாள். அவளிடமும் தூள் இல்லை.

ஒரு மாலையில் டோர்ச் அடித்தோம். ஒன்றும் வரவில்லை.

தம்பி தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டான். பிறகு அதைத் தேய்க்கத் தொடங்கினான். மூலை முடுக்கெல்லாம், குழாய்க்குள் கைவிட்டு, யாரோ நாளைக்கே வந்து பார்வையிடப் போவது போல. தொட்டி கழுவச் சொன்னால் ஆயிரம் சாக்குச் சொல்கிறவன் அவன். தலைகீழாகக் காயப்போட்ட வாளிகளையும் சுருட்டி வைத்த குழாய்களையும் பார்த்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்தேன், காலைப் பிடித்தேன், தூசணத்தில் ஏசினேன். "அப்பா இதுக்கா படகை வித்தவர்?" என்றுகூடக் கேட்டேன். அது அவனுக்கு வலித்தது, வலிக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

"இங்க இருந்து நான் என்ன செய்ய அக்கா? சொல்லு, செய்றேன்" என்றான். நான் பிடித்திருந்த கையை விட்டேன்.

போகிற அன்று அம்மா அழவில்லை. பதக்கத்தைக் கறுப்பு நூலில் கோத்து அவன் கழுத்தில் கட்டினார். நூல் அவிழாமல் இருக்க மூன்று முடிச்சுப் போட்டார். "நல்லாத் துலங்கியிருக்கு, தூரத்தில இருந்தும் தெரியும்" என்றார். யாருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவன் சேர்ட்டுக்கு உள்ளே அதை விட்டுக்கொண்டு, என் தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டுப் போனான்.

அவனைப்பற்றி ஒரு கதையும் இல்லை இன்னும். போனவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் ஊரில் மற்றவர்கள் அழுவார்கள், நான் வெடி கொளுத்துவேன். பிடிபடட்டும் என்றுதான் கோயிலில் கேட்கிறேன். விலங்கு போட்டாவது கொண்டுவந்து விடட்டும்.

கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் காலையில் மீற்றரை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறேன், பழக்கம் விடவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று தோய்க்கிறேன். அலை திரும்பும்வரை காத்திருந்து எண்ணைப் பார்க்கிறேன். சில நாள் கொஞ்சம் ஏறியிருக்கும், பல நாள் இல்லை. முன்பெல்லாம் அம்மா இந்த மீற்றரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இப்போது நான் திரும்பி வரும்வரை படலை வாசலில் கடலைப் பார்த்தபடி நிற்கிறார்.

"தண்ணி எப்படிப் பிள்ளை?"

"நல்லா இருக்கு அம்மா" என்கிறேன்.